கண்ணாடித் தூண்டிற்கோல்: விலைக்கு முன் நீளத்தைப் பாருங்கள்

கை தவறி விழுந்த கண்ணாடி டம்ளர் சுக்குநூறாகச் சிதறுவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதே கண்ணாடியில் செய்த ஏழடித் தூண்டிற்கோல் ஒன்றில் பெரிய மீன் மாட்டிக்கொண்டால் கோலின் முன்பாதி முழுவதும் வளைந்து, நுனி தண்ணீரை நோக்கித் திரும்பிவிடுகிறது. மீன் கைக்கு வந்ததும் கோல் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது. சிதறும் பொருள் எப்படி வளைகிறது என்பது ஒரு புதிர். அதைவிடச் சிடுக்கான இன்னொரு புதிர் அமெரிக்கத் தூண்டில் கடைகளில் இருக்கிறது. அங்கே கண்ணாடியிழைக் கோல்கள் 50 டாலருக்கும் கிடைக்கின்றன. 250 டாலருக்கும், 700 டாலருக்கு மேலும் கிடைக்கின்றன. கண்ணாடியைவிட எடை குறைந்த, விறைப்பு மிகுந்த கார்பன் இழைக் கோல்கள் அரை நூற்றாண்டாகச் சந்தையில் இருக்கும்போது கண்ணாடியை ஏன் வாங்க வேண்டும்? வாங்குவதானால், நடுத்தரமான தொகையில் எதை வாங்குவது? இரண்டு புதிருக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். கண்ணாடியின் குறை கோல் நீள நீளப் பெருகுகிறது. குறுகக் குறுக ஏறக்குறைய மறைந்துபோகிறது. ஆகவே விலைச்சீட்டுக்கு முன் பார்க்க வேண்டியது நீளம்.

இந்த வகை மீன்பிடிப்பை முதலில் விளக்கிவிட வேண்டும். நாம் குளத்திலும் ஆற்றிலும் பார்க்கும் தூண்டிலில் மண்புழுவோ ஈயக்குண்டோ எடையாக இருக்கும். அந்த எடை பறக்கும்போது நரம்பைத் தன்னோடு இழுத்துச் செல்லும். இங்கே பேசும் கோல்களால் பிடிக்கும் டிரவுட் மீனின் இரையில் நீர்மேல் வந்து விழும் சிறு பூச்சிகளும் உண்டு. அவற்றைப்போல இறகும் மயிரும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை எறிய முடியாது. எனவே எடையை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சால் தடித்த நூல்தான் இங்கே எறியப்படுகிறது. பூச்சி அதன் பின்னால் போகிறது. இதை ஈத்தூண்டில் என்றும் அந்த நூலை எறிநூல் என்றும் அழைப்போம். எறிநூலின் முனையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நுனிநரம்பு இருக்கும். பூச்சி அதில்தான் கட்டப்படும். நீலகிரிக்கு டிரவுட் மீன் வந்ததே இந்த விளையாட்டை நாடிய ஆங்கிலேயர்களால்தான். எறிநூலின் எடைக்கு அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 1960களில் ஒரு தரவரிசை வகுத்தது. நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதே அளவுகோல்: 3ஆம் எண் நூல் 6.5 கிராம், 4ஆம் எண் 7.8 கிராம், 5ஆம் எண் 9.1 கிராம். கோலின் மேல் எழுதியிருக்கும் எண் அது எந்த நூலுக்கு ஏற்றது என்பதைச் சொல்கிறது. இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுக்க இந்த ஏழெட்டு கிராமைச் சுற்றித்தான்.

இனி முதல் புதிருக்கு வருவோம். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சியில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித், 1920இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விடை கண்டார். கண்ணாடியின் அணுப் பிணைப்பை வைத்துக் கணக்கிட்டால் அது மிக வலிமையாக இருக்க வேண்டும். உண்மையில் அதில் சிறு பங்கு இழுவிசையிலேயே முறிகிறது. மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கீறல்களின் முனையில் விசை குவிவதே காரணம் என்று அவர் கருதினார். கருதியதோடு நிற்காமல், கண்ணாடிக் குமிழ்களில் வேண்டுமென்றே வெவ்வேறு நீளக் கீறல்களை உண்டாக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி வெடிக்க வைத்தார். கீறல் நீளமாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே குமிழ் வெடித்தது; அவர் கணக்கு சொன்னபடியே குறைந்தது. பிறகு கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்தார். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியோடு ஒப்பிட்டால், அதில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள இழை, அதே குறுக்குப்பரப்புக்கு ஏறக்குறைய 20 மடங்கு சுமையைத் தாங்கியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. தூண்டிற்கோலில் இருப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள இப்படிப்பட்ட இழைகளும் அவற்றைப் பிணைக்கும் பிசினும். ஓர் இழை அறுந்தாலும் விரிசல் பிசினில் நின்றுவிடும்; சுமை பக்கத்து இழைகளுக்குப் போய்விடும். டம்ளரில் விரிசலுக்கு இந்தத் தடை கிடையாது.

இந்த அறிவு தூண்டிலுக்கு வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. அதுவரை நல்ல கோல் என்றால் தென்சீனாவின் டோன்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாக ஒட்டிச் செய்ததுதான். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஆர்தர் ஹோவால்ட் உருவாக்கிய முறையில் கண்ணாடியிழைக் கோல்களை விற்கத் தொடங்கியது. 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட்டதும் மூங்கில் வரத்து நின்றுபோய், கண்ணாடிக்குக் களம் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடியின் ஆட்சிதான். 1973இல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோலைக் கொண்டுவந்த பிறகு அது மங்கியது.

மங்கியதற்குக் காரணம் நியாயமானதே. ஒரு பொருளை நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் காட்டும் அளவு விறைப்புக் குணகம். சாதாரணக் கண்ணாடியிழைக்கு அது சுமார் 72 ஜிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு ஏறக்குறைய சமம். வலிமை கூட்டிய 'எஸ்' வகைக் கண்ணாடிக்கு 87 வரை வரும். கார்பன் இழைக்குத் தொடக்கமே 230. அது எஃகையும் மிஞ்சுகிறது. எடையிலும் கார்பனுக்கே சாதகம்: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி 2.5 கிராம், கார்பன் 1.8 கிராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் நான்கு மடங்குக்கு மேல் விறைப்பானது. ஒன்றில் மட்டும் கண்ணாடி முந்துகிறது. அறுந்துபோகும் முன் கார்பன் இழை தன் நீளத்தில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நீளும். கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீளும். கண்ணாடிக் கோல் அவ்வளவு ஆழமாக வளைந்து மீள்வது இதனால்தான்.

இங்கே பலர் ஒரு பிழையான முடிவுக்கு வருகிறார்கள். நான்கு மடங்கு குறைவு என்றால் எல்லாக் கண்ணாடிக் கோலும் அதே அளவுக்கு மோசம் என்று நினைக்கிறார்கள். பள்ளி மேசை விளிம்பில் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துச் சுண்டி விளையாடாத மாணவர் இல்லை. வெளியே நீட்டியிருக்கும் பகுதி சிறிதாக இருந்தால் ஸ்கேல் 'டிர்ர்' என்று வேகமாக அதிரும். பெரிதாக இருந்தால் சோம்பலாக ஆடும். ஸ்கேலின் இரும்பு மாறவில்லை, நீளம் மட்டுமே மாறியது. தூண்டிற்கோலும் ஒரு முனையில் பிடிக்கப்பட்ட சட்டமே. அதன் இயல்பான அதிர்வு வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் தாழும் அளவு நீளத்தின் மும்மடியாகக் கூடுகிறது. ஒரே தடிமனில் 7 அடிக் கோலை 9 அடியாக்கினால் நீளம் 29 சதவீதம்தான் கூடியது. ஆனால் நுனி இரண்டு மடங்குக்கு மேல் தாழ்கிறது, அதிர்வு 40 சதவீதம் மந்தமாகிறது. கார்பனுக்கும் இதே விதிதான். ஆனால் கார்பனிடம் வாரி வழங்க மிச்சம் இருக்கிறது, கண்ணாடியிடம் இல்லை.

கோலைத் தடியாக்கினால் போதாதா என்று கேட்கலாம். கோல் உள்ளே வெற்றான குழல். சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு விட்டத்தின் மும்மடியாக ஏறும், எடை விட்டத்தின் அளவுக்கே ஏறும். காகிதத்தில் இது லாபமான பேரம். ஆனால் விட்டத்தோடு ஒப்பிடச் சுவர் மெலியும்போது வேறொரு ஆபத்து வருகிறது. வளையும் குழலின் வட்டக் குறுக்குவெட்டு நசுங்கி முட்டை வடிவாகிறது. நசுங்க நசுங்க விறைப்பு குறைந்து, ஓர் எல்லையில் குழல் மடங்கிவிடுகிறது. பிரேசியர் என்ற ஆய்வாளர் 1927இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். உறிஞ்சுகுழலை வளைத்துப் பார்க்கும் எவருக்கும் தெரிந்த மடிப்புதான் அது. அதைத் தடுக்கச் சுவரையும் தடிப்பாக்க வேண்டும், அதாவது எடையை ஏற்ற வேண்டும். அந்த எடை கைக்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. 9 அடிக் கோலில் அது கையிலிருந்து எட்டடி தள்ளியும் இருக்கிறது. வீசும் கையும் மணிக்கட்டும் உணர்வது தராசில் காட்டும் எடையை அல்ல. நுனிப் பக்கம் எவ்வளவு எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையே. 9 அடிக் கண்ணாடிக் கோலைக் காலை முழுவதும் வீசினால் தோள் வலிப்பது இதனால்தான். 7 அடியில் அந்தப் புகாருக்கு இடமில்லை.

இதுவரை சொன்னது கண்ணாடியின் குறை மறைவது பற்றி. குறுகிய கோலில் அதற்கு ஒரு நிறைவும் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலோ விஸ்கான்சின் மாநிலப் புல்வெளிகளிலோ ஓடும் சிற்றோடைகளில் மீன் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது மீட்டருக்குள்ளேயே இருக்கும். மேலே மரக்கிளைகள் கவிந்திருக்கும். 4ஆம் எண் நூலில் கோலின் நுனிக்கு வெளியே 15 அடி இருந்தால் அதன் எடை 4 கிராமுக்கும் குறைவு, ஏனென்றால் நூலின் முன்பகுதி மெலிந்தே இருக்கும். வேகமான, அதாவது விறைத்துச் சட்டென்று நிமிரும், கார்பன் கோல் 30 அடி நூலையும் அதற்கு மேலும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 4 கிராமுக்கு அது வளைய மறுக்கிறது; கையில் எந்தச் செய்தியும் வருவதில்லை. கண்ணாடிக் கோலோ தன் சொந்த எடையாலேயே வளைகிறது. நூலே இல்லாமல் அசைத்தாலும் வளைவது கையில் தெரியும். அந்த வளைவு வீச்சின் வேகத்தைச் சீராக்குகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

வளைந்த கோல் வில்லைப்போலச் சக்தியைச் சேமித்து நூலை ஏவுகிறது, ஆகவே மிகவும் வளையும் கண்ணாடி நூலை அதிகம் ஏவும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இதை ஏற்க முடியாது. நார்வேயின் கிருண்டே லோவோல், அமெரிக்காவின் ஜேசன் போர்கர் ஆகியோர் வீச்சை வேகப் படக்கருவியால் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நூலுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு கோல் ஒரு நெம்புகோலாகச் சுழல்வதால் வருகிறது, வளைவு நிமிர்வதால் வருவது சிறுபங்கே என்று தெரிந்தது. வளைவின் உண்மையான பயன் வேறு: கை வட்டப்பாதையில் சுழன்றாலும் கோலின் நுனியை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகவிடுகிறது. நுனி நேராகப் போனால்தான் நூல் குறுகிய வளையமாக விரிந்து சென்று விழும். சிறு வீச்சுக்குச் சிறு விசை. சிறு விசையில் வளையும் கோல் வேண்டும். கண்ணாடி அங்கே பொருந்துகிறது, அவ்வளவே. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் தொலைவீச்சுக்குக் கண்ணாடியை நம்பமாட்டார்.

மீன் மாட்டிய பிறகும் இந்த மென்மை உதவுகிறது. நுனிநரம்பின் தடிமனைக் குறிக்க 'எக்ஸ்' எண் உண்டு. அந்த எண்ணை 11இலிருந்து கழித்தால் தடிமன் அங்குலத்தின் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கிடைக்கும். 6 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஐந்து அங்குலம், 0.127 மில்லிமீட்டர். மீன் திடீரென ஒரு கை நீளம் பாயும்போது விறைத்த கோலில் நரம்பின் இழுவிசை சட்டென்று எகிறும். மென்மையான கோலில் அதே பாய்ச்சலுக்கு மெதுவாக ஏறும். மெல்லிய நரம்பைப் பயன்படுத்துபவருக்கு இது விளம்பரப் பேச்சல்ல, நேரடியான இயற்பியல்.

இப்போது பணத்தைப் பற்றிப் பேசலாம். கண்ணாடிக் கோலில் பணம் எங்கே போகிறது என்று பார்க்க அதைச் செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பிசின் தோய்த்த கண்ணாடித் துணியைச் சாய்வாக வெட்டி, ஒரு முனை மெலிந்த எஃகுக் கம்பியின் மேல் சுருட்டுகிறார்கள். மேலே மெல்லிய நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிடுகிறார்கள். நாடா பதிந்த சுருள் வரிகளைச் சிலர் தேய்த்து எடுப்பார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். கோலை வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த வரிகள் தெரியும். கோலின் குணம் அந்தக் கம்பியின் மெலிவிலும் துணியை வெட்டிய வடிவத்திலும் அடங்கியிருக்கிறது. ஒருமுறை நன்றாக வடிவமைத்துவிட்டால், மலிவான கோலிலும் அதே வடிவத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். விலை ஏறும்போது கூடுவது பெரும்பாலும் தக்கைக் கைப்பிடியின் தரம், எறிநூல் ஓடும் வளையங்களைக் கோலில் கட்டும் நூல்வேலை, மெருகு, செய்யும் நாட்டின் கூலி, உடைந்தால் மாற்றித்தரும் உத்தரவாதம் ஆகியவை. இவை மதிப்புள்ளவையே, கைவேலைக்குக் கொடுக்கும் கூலியை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் மீனுக்கும் நூலுக்கும் அவை தெரியாது. ஈகிள் கிளா நிறுவனத்தின் மஞ்சள் நிற ஃபெதர்லைட் கோல் 50 டாலருக்குள் கிடைத்து வந்திருக்கிறது. அதில் வளையங்களும் இணைப்பும் எளியவை, கோல் மட்டும் நன்றாக மீன் பிடிக்கும். எக்கோ ரிவர் கிளாஸ், ரெடிங்டன் பட்டர் ஸ்டிக் போன்றவை 200 முதல் 300 டாலர் வட்டாரத்தில் வந்தவை. நடுத்தரத் தொகை வைத்திருப்பவர் இந்த வட்டாரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 'எஸ்' வகைக் கண்ணாடி என்று எழுதியிருந்தால் கூடுதல் விறைப்பு 20 சதவீதத்தைச் சுற்றியே. 7 அடிக் கோலில் அரை அடி நீளத்தைக் குறைத்தாலே அதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

கோலின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் 'மிதவேகம்' போன்ற சொற்களையும் அப்படியே நம்பத் தேவையில்லை, ஏனென்றால் அவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைக்கிறது. வில்லியம் ஹன்னமன் என்ற அமெரிக்கர் 2000களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் எளிய அளவுமுறையைத் தந்தார். கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பொருத்தி, நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்வரை அதில் அமெரிக்க ஒரு சென்ட் காசுகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். 7 அடிக் கோல் என்றால் 28 அங்குலம் தாழ வேண்டும். 1982க்குப் பிந்தைய காசு ஒவ்வொன்றும் 2.5 கிராம், காசுகளின் எண்ணிக்கையிலிருந்து கோலின் உண்மையான எண் கிடைக்கும். அந்த நிலையில் நுனி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து, கோல் நுனியில் மட்டும் வளைகிறதா, அடிவரை வளைகிறதா என்பது தெரியும். காசு எந்த நாட்டுடையது என்பது முக்கியமல்ல. எடை தெரிந்தால் போதும். இரண்டு கோல்களுக்கு நடுவே தடுமாறுபவருக்கு இந்தச் சோதனை எந்த விளம்பர வாசகத்தைவிடவும் நேர்மையான பதில் தரும்.

பழைய கோல் வாங்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஃபென்விக்கின் பழைய பழுப்புக் கோல்கள் இன்னும் கைமாறுகின்றன. வாங்கலாம், ஆனால் துண்டுகள் சேரும் இடத்தை உற்றுப்பாருங்கள். உட்செருகு இணைப்புள்ள கோலில் இரண்டு துண்டையும் இறுக்கிச் சேர்த்த பிறகும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்துக்காக விட்ட இடம் அது. இடைவெளி மூடியிருந்தால் இணைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். செருகுவாயைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடலாம்.

கடைசியாக, கண்ணாடிக்கு எதிரான வலுவான ஆட்சேபம்: அதே 250 டாலருக்கு நல்ல 9 அடிக் கார்பன் கோல் கிடைக்கும், அது எதிர்காற்றிலும் அகன்ற ஆற்றிலும் வேலை செய்யும், ஒரே ஒரு கோல் வைத்திருப்பவருக்கு அதுதானே புத்திசாலித்தனம்? ஆம். அகன்ற ஆறு, ஏரி, கடற்கரை, கனமான பூச்சி இவையே உங்கள் களம் என்றால் கார்பனை வாங்குங்கள். கண்ணாடியை அங்கே கட்டாயப்படுத்துவது பொருளின் இயல்புக்கு எதிராகப் போவது. மென்மையான கார்பன் கோல்களும் வருகின்றன என்பதும் உண்மை. ஆனால் அவ்வளவு விறைத்த பொருளில் மென்மையை வரவழைக்கச் சுவரை மெலியவைக்க வேண்டும்; மெலிந்த சுவர் பாறையில் ஒருமுறை இடித்தாலே சேதமாகலாம். சிற்றோடைக்குள் கல்லிலும் வேரிலும் தடுக்கி நடப்பவருக்குக் கண்ணாடியின் தடித்த சுவர் பாதுகாப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது. களம் சிற்றோடை, வீச்சு பத்து மீட்டருக்குள் என்றால், 7 முதல் ஏழரை அடி நீளத்தில், 3ஆம் அல்லது 4ஆம் எண் நூலுக்கான கண்ணாடிக் கோலை 200 முதல் 300 டாலருக்குள் வாங்குங்கள். 8 அடிக்கு மேல் கண்ணாடியை நடுத்தர விலையில் வாங்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தை எறிநூலில் போடுங்கள். இப்போது விற்கும் பல நூல்கள் வேகமான கார்பன் கோல்களுக்காக எழுதிய எண்ணைவிட அரை எண், ஓர் எண் கனமாகச் செய்யப்படுகின்றன, அவற்றைச் சுமந்தால் கண்ணாடிக் கோல் கூழாகத் துவளும். முதல் 30 அடியின் எடை கிராமில் அல்லது கிரெயினில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். 4ஆம் எண்ணுக்கு அது 7.8 கிராம், அதாவது 120 கிரெயின் அருகே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.